மலைக்குப் போக எந்தக் கத்தி வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசை லாச்சியில் ஆறு கத்திகள் கிடக்கின்றன. மலைக்குப் போகும்போது பையில் ஏறுவது அதில் ஒன்றுதான், ஆறிலும் விலை குறைந்ததும் அதுவேதான். நக்கிள்ஸ் பக்கம் அடிக்கடி போய்வருகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, கூட வருகிறவர்கள், வரப்போகிறவர்கள், வருவதாகச் சொல்லிச் சொல்லியே வராமல் இருக்கிறவர்கள் என எல்லோரும் கத்தியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சப்பாத்தைப் பற்றியோ மழைச்சட்டையைப் பற்றியோ ஒருவரும் கேட்பதில்லை. சரி, கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். இங்கே பேசுவது மடங்காத, உறையில் செருகி வைக்கிற கத்தியைப் பற்றி.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

நாலு அங்குல அலகு, இரண்டரை முதல் மூன்று மில்லிமீற்றர் தடிப்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நனைந்தாலும் வழுக்காத ரப்பர் மாதிரிப் பிடி, பிளாஸ்டிக் உறை. இதெல்லாம் பொருந்தி வருகிற, விலையும் தாங்கக்கூடிய கத்தி என்றால் சுவீடனில் செய்கிற மோராக்னிவ் கொம்பேனியன், அதிலும் ஸ்டெயின்லெஸ் மொடல். அதே பெயரில் காபன் ஸ்டீலிலும் வருகிறது, பார்த்து வாங்குங்கள். இது கையில் கிடைத்துவிட்டால் கீழே தீட்டுகிற பகுதியை மட்டும் வாசித்தால் போதும்.

மடக்குக் கத்தி இருக்கிறதே, அது போதாதா?

ஒரு நாள் நடைக்குப் போதும். ஹோட்டன் சமவெளிக்கோ எல்ல பக்கமோ போய் மாலையில் திரும்புகிறவருக்கு மடக்குக் கத்தியே அதிகம். சிவனொளிபாத மலைக்குச் சீசன் நாளில் ஏறுகிறவருக்கு எந்தக் கத்தியும் வேண்டாம், வழி முழுக்கத் தேநீர்க் கடை இருக்கிறது.

இரவு தங்கிச் சமைக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. மடக்குக் கத்தியின் பலவீனம் அந்த மூட்டுதான். ரின்மீன் எண்ணெயும் வெங்காயச் சாறும் சேறும் அதற்குள்ளேதான் போய்ச் சேரும், ஓடைத் தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் முழுக்க வெளியே வராது. ஒருமுறை சரியாகக் கழுவாமல் பையில் போட்டுவிட்டு விடியப் பார்த்தால் பை முழுக்க எறும்பு. அதையாவது தட்டிவிடலாம். மூங்கிலில் முளை சீவிக்கொண்டிருந்தபோது கத்தியின் லொக் விட்டு அலகு என் ஆட்காட்டி விரலில் மடங்கியதை அப்படித் தட்டிவிட முடியவில்லை, தழும்பு இப்போதும் இருக்கிறது. மடங்காத கத்தியில் மடங்குவதற்கு ஒன்றுமில்லை, கழுவி ஒரு துடை துடைத்தால் வேலை முடிந்தது.

காட்டில் கத்தியால் உண்மையில் என்னதான் செய்கிறோம்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், ஆனால் ஒருவரும் கேட்பதில்லை. மீமுரேயில் ஆற்றோரம் தங்கிய ஒரு பின்னேரத்தை அப்படியே சொல்கிறேன். பாண் வெட்டினேன். வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய். மாசித் துண்டைச் சீவ முயன்று தோற்று, கடைசியில் கல்லில் வைத்து இடித்தேன். தறப்பாள் கட்டுவதற்குக் கயிறு இரண்டு துண்டு. பருப்புப் பைக்கற்றின் வாயைத் திறந்தேன். கூட வந்த தம்பியின் குதிக்காலில் கொப்புளம், அதற்குப் பிளாஸ்டரை அளவாக வெட்டிக் கொடுத்தேன். அவ்வளவுதான் அன்று முழுக்க.

ஆகவே நீங்கள் வாங்கப்போவது அடிப்படையில் ஒரு சமையல் கத்தி, கொஞ்சம் உரமான, உறை உள்ள சமையல் கத்தி. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இதால் தக்காளி வெட்டலாமா என்று உங்களையே கேளுங்கள். கறுப்புப் பூச்சும் முதுகில் வாள்பல்லும் வைத்த பாதிக் கத்திகள் அந்த இடத்திலேயே கழிந்துவிடும்.

நீளமும் தடிப்பும் எவ்வளவு இருக்கவேண்டும்?

அலகு 9 முதல் 11 சென்ரிமீற்றர் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் நுனியில் கட்டுப்பாடு குறையும், குறைந்தால் பாணும் அன்னாசியும் வெட்டக் கஷ்டம்.

தடிப்பில்தான் ஆட்கள் ஏமாறுவது. ஐந்து, ஆறு மில்லிமீற்றர் முதுகு உள்ள கத்தி கையில் எடுத்ததும் ‘ஆகா, என்ன பாரம்’ என்று மனம் குளிரும். அதால் ஒரு கரட்டை வெட்டிப் பாருங்கள். பாதி வரை வெட்டும், மீதி ‘டக்’ என்று பிளந்துகொண்டு பறக்கும். அலகு ஆப்பு மாதிரி உள்ளே போவதால் வருகிற வினை அது. இரண்டரை மில்லிமீற்றர் கத்தி சத்தமில்லாமல் இறங்கும். மரம் பிளக்க என்றே வாங்குகிறவர் நாலு வரை போகலாம்.

காபன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

இதற்கு உலகத்தில் பல பதில்கள் இருக்கலாம், கொழும்பில் இருக்கிறவருக்கு ஒரே பதில்தான்: ஸ்டெயின்லெஸ்.

காபன் ஸ்டீல் மோசமில்லை. 1095 என்கிற வகையில் ஏறத்தாழ 0.95 சதவீதம் காபன், நன்றாகக் கூர் பிடிக்கும், தீட்டுவதும் லேசு. ஆனால் துருவைத் தடுக்கிற குரோமியம் அதில் இல்லை. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லக் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் வேண்டும், கத்திகளுக்குப் பயன்படும் 12சி27, 420எச்சி போன்றவற்றில் 13 சதவீதம் அளவில் இருக்கும். அதுவும் துருவே பிடிக்காது என்று அர்த்தமில்லை, உப்புத் தண்ணீரில் ஊறவிட்டால் அதுவும் புள்ளி புள்ளியாகக் காட்டும். நீங்கள் ஒரு நாள் மறந்ததைப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நான் மறந்தது இரண்டு மாதம். காபன் ஸ்டீலில், தோல் உறையோடு, ஆசைப்பட்டு வாங்கிய கத்தி. நக்கிள்ஸ் மழையில் நனைந்து வந்ததும் கத்தியை நன்றாகத் துடைத்தேன், எண்ணெயும் பூசினேன், அப்புறம் அதே ஈர உறைக்குள் செருகி லாச்சியில் போட்டேன். எங்கள் வீட்டுக்குக் கடல் இரண்டு தெரு தள்ளி, யன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ற் கேட்கும். கத்தியை எடுக்கப் போனபோது உறை அதை விடவில்லை. இழுத்து எடுத்தால் அலகின் ஒரு பக்கத்தில், தோல் ஒட்டியிருந்த இடத்தில் மட்டும், உறையின் தையல் தடம் உட்பட அச்சடித்த மாதிரி செம்மண் நிறத் துரு. மேற்துரு தேய்த்தால் போய்விட்டது, உள்ளே தின்ற குழிகள் போகவில்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பதனிடப் பயன்படுத்திய பொருட்களின் மிச்சமும் அதில் இருக்கும். தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் கத்தியை அதில் வைத்துச் சேமிக்காதீர்கள்.

காபன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. பால் விடாமல் கடும் சாயமாகப் பிளேன்டி ஊற்றி, எண்ணெய்ப் பசை போகக் கழுவிய அலகைச் சில மணித்தியாலம் அதில் நிற்கவிடுங்கள். தேயிலைச் சாயம் இரும்போடு சேர்ந்து நீலக்கறுப்பாக ஒரு படலம் போடும், செந்துரு அதற்குப் பிறகு கொஞ்சம் தயங்கித்தான் வரும். வராமல் இருக்காது. தேங்காயெண்ணெய் பூசலாமா என்று கேட்பார்கள்: அடுத்த வாரம் பயன்படுத்தப்போகும் கத்திக்குப் பூசலாம், மாதக்கணக்கில் வைத்தால் பிசுபிசுத்துக் காறிப்போகும்.

பெட்டியில் 440 என்றும் டி2 என்றும் போட்டிருக்கிறதே?

இரண்டும் ஸ்டீல் வகைகளின் பெயர்கள். 440 என்று மட்டும் போட்டிருந்தால் பெரிதாக எடுக்கவேண்டாம், 440ஏ-க்கும் 440சி-க்கும் காபன் அளவில் நல்ல வித்தியாசம் இருக்கிறது, எது என்று சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை என்றுதான் நினைப்பேன். டி2-வில் குரோமியம் 12 சதவீதம் பக்கம் இருந்தாலும் அதில் பெரும்பகுதி காபனோடு சேர்ந்து மாட்டிக்கொண்டிருக்கும், ஆகவே அதை ஸ்டெயின்லெஸ் என்று நம்பி மழையில் விடாதீர்கள். ‘சேர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பது ஒரு தரமே இல்லை. தண்ணீர் அலை மாதிரிக் கோலம் போட்ட மலிவு ‘டமாஸ்கஸ்’ பலதும் மேலால் பொறித்த படம்.

கைப்பிடிக்குள் இரும்பு முழுக்கப் போகவேண்டுமா?

அலகின் இரும்பு பிடிக்குள் நீண்டு போகுமே, அதை வால் என்று வைத்துக்கொள்வோம். வால் பிடியின் கடைசி வரை, பிடியின் அகலத்துக்கே போனால் கத்தி உடையாது என்பது பொதுவாக உண்மை. பிடியைச் சுற்றி இரும்பு விளிம்பு தெரிந்தால் அது முழு வால். ஆனால் இதை ஒரு மதமாக்கவேண்டாம். மோரா கொம்பேனியனில் வால் முக்கால்வாசிதான் போகிறது, வெங்காயம் வெட்டுகிறவருக்கு அது ஏழு ஜென்மத்துக்குக் காணும்.

பயப்படவேண்டியது உள்ளே வெறுமையான பிடிக்குத்தான். என்னுடைய முதல் கத்தி அப்படி ஒன்று: பிடியின் அடியில் திருகு மூடி, மூடியில் திசைகாட்டி, உள்ளே தூண்டிலும் தீக்குச்சியும். புறக்கோட்டையில் நடைபாதைக் கடையொன்றில் வாங்கியது. காய்ந்த கம்பு ஒன்றைப் பிளக்க முதுகில் தட்டினேன், நாலாவது தட்டில் அலகு கம்பிலேயே நிற்க, பிடி மட்டும் என் கையில் வந்தது. பார்த்தால் உள்ளே ஒற்றை நட்டு, அதுவும் தளர்ந்து. திசைகாட்டி மட்டும் ஒழுங்காக வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

பிடியிலும் உறையிலும் எதைப் பார்க்கவேண்டும்?

நாலு விரலும் நெருக்கமில்லாமல் அடங்கவேண்டும். விரல் முன்னால் சறுக்கி அலகுக்குப் போகாமல் ஒரு சிறு மேடு இருக்கவேண்டும். கடையில் கையை நனைத்துப் பிடித்துப் பார்க்க விடமாட்டார்கள்தான், வேர்வைக் கையால் பிடித்துப் பாருங்கள், கொழும்பில் அதற்குப் பஞ்சமில்லை.

உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். கத்தி விழுந்தால் வாங்கவேண்டாம். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா பாருங்கள். நல்ல கத்திக்கு மோசமான உறை வந்தால் அது மோசமான கத்திதான், ஏனென்றால் வழுக்குப் பாறையில் நீங்கள் விழும்போது கத்தி எங்கே இருக்கிறது என்பதை முடிவு செய்வது உறை.

எங்கள் ஊரிலேயே கத்தி அடிக்கிறார்களே, வெளிநாட்டுக் கத்தி எதற்கு?

நியாயமான கேள்வி. ஹட்டன்காரச் சிநேகிதன் ஒருவன் வீட்டுக் கவ்வாத்துக் கத்தியையே கொண்டு வருவான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட வளைத்து அடித்த கத்தி அது, விரல் தடிப்புக் கிளையை ஒரே இழுப்பில் எடுக்கும். அதே கத்தியால் தக்காளி வெட்டச் சொன்னால் தக்காளி சட்னியாகும். கிராமத்தில் வழிகாட்டியாக வருகிறவர் கையில் நீளக் கத்தி ஒன்று எப்படியும் இருக்கும், பாதையில் கிடக்கிற முள்ளை அவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் இன்னொன்று சுமக்கத் தேவையில்லை.

கம்மாலையில் சொல்லி அடிப்பிக்கலாம். லொறியின் ஸ்பிரிங் பட்டை நல்ல இரும்பு. தடிப்பு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள், சொல்லாவிட்டால் உரமாக இருக்கட்டும் என்று அன்போடு ஆறில் அடித்துத் தருவார்கள். யாழ்ப்பாணத்தில் பெரியப்பா சொல்லி எனக்கு அடிப்பித்தது அப்படித்தான் வந்தது, இப்போது அது வீட்டில் தேங்காய் உடைக்கிறது. வாயை, அதாவது வெட்டுகிற ஓரத்தை, சரியாகத் தோய்த்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு சின்ன அரத்தை அதில் இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் நல்ல கடினம், கடித்துப் பிடித்தால் பதம் போதவில்லை. இதுவும் காபன் வகைதான், மேலே சொன்ன துருக் கதையெல்லாம் இதற்கும் பொருந்தும்.

கொழும்பில் எங்கே வாங்கலாம்?

கத்தியைத் தேடுவதற்கு முன்னால் தீட்டுக்கல்லை வாங்குங்கள், பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் இரண்டு பக்கக் கல் கிடைக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மென்மை. கத்திக்கு நகரத்தில் கேம்பிங் சாமான் விற்கிற கடைகளைப் பாருங்கள். ஒன்லைனில் என்றால் பெயர்பெற்ற கத்திகளுக்குப் போலி உண்டு, நம்பமுடியாத விலை என்றால் நம்பாதீர்கள்.

நம்மவர்கள் பலருக்கு இருக்கிற நல்ல வழி, ரொறொன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற மாமாவிடம் சொல்லிவிடுவது. கொம்பேனியன் வெளியில் 20 டொலர் பக்கம்தான். செக்-இன் பையில் வைக்கச் சொல்லவேண்டும், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே போய்விடும். மாமாக்களுக்கு இதைப் புறப்படுகிற அன்று காலையும் ஞாபகப்படுத்துவது நல்லது.

பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுபோனால் பிரச்சினை வராதா?

இடுப்பில் கட்டிக்கொண்டு கோட்டை ரயில் நிலையத்துக்குள் நடந்தால் வரும், வரவும் வேண்டும். உறையில் போட்டு, அடுப்பு சட்டியோடு சேர்த்துச் சுற்றி, பையின் அடியில் வையுங்கள். பையைத் திறக்கச் சொன்னால் கத்தி இருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், டென்ட்டும் சட்டியும் பக்கத்தில் இருந்தால் விளக்கம் சுருக்கமாக முடியும். சோதனைச் சாவடிக் காலத்தில் கொழும்பில் வளர்ந்த எங்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, பையில் இருப்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்துதான் வெளியே இறங்குவோம். மலையிலிருந்து திரும்பிய பிறகு, வார நாட்களில் அதைப் பையிலேயே விட்டுவிட்டு ஒபிசுக்குப் போகாதீர்கள்.

கத்தியால் விறகு பிளக்கலாமா?

கத்தியை விறகின் தலையில் வைத்து முதுகில் கட்டையால் தட்டிப் பிளப்பதைத்தானே கேட்கிறீர்கள். முடியும், கைமணிக்கட்டுத் தடிப்புக்குள் என்றால். ஆனால் எங்கே செய்யப்போகிறீர்கள்? ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றும் 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய காடுகள், அங்கே பச்சை மரத்தில் கத்தி வைப்பது குற்றம், தங்குவதற்கே அனுமதி எடுக்கவேண்டும். கிடக்கிற விறகும் மழை ஈரத்தில் புகைதான் தரும். ஒரு சின்ன காஸ் அடுப்பு கொண்டுபோங்கள். தோட்டத்திலோ சொந்தக்காரர் காணியிலோ நெருப்பு மூட்டுகிறவருக்கு மடக்கும் கைவாள் ஒன்று எந்தப் பெரிய கத்தியையும் விட உதவும்.

எப்படித் தீட்டுவது?

கல்லைத் தண்ணீரில் நனையுங்கள். ஈரத் துணியின் மேல் வைத்தால் நகராது. மோரா மாதிரிக் கத்திகளில் வாய்க்கு மேலே பட்டையாக ஒரு சரிவு தெரியும், ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 12 பாகை. அந்தச் சரிவை அப்படியே கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானாக வந்துவிடும், முதல்முறை தீட்டுகிறவர்களுக்கு இந்தக் கத்தியைச் சொல்வதற்கு இதுவும் காரணம். மற்றக் கத்திகளுக்கு 20 பாகை அளவு, அதாவது முதுகைக் கல்லிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிக்கவேண்டும்.

கோணம் சரியா என்று தெரியாவிட்டால் மார்க்கர் பேனையால் வாயோரத்தைக் கறுப்படித்துவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிந்ததோ அங்கேதான் கல் படுகிறது. வாயில் மை அப்படியே இருந்து மேலே மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள்.

ஒரு பக்கத்தையே தீட்டிக்கொண்டிருங்கள், எத்தனை தரம் என்று எண்ணவேண்டாம். மறுபக்கத்தில் விரலை வாய்க்குக் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக இழுத்தால் ஒரு பிசிர் தட்டுப்படும், மெல்லிய இரும்பு மயிர் மாதிரி. குதியிலிருந்து நுனி வரை அது வந்த பிறகுதான் பக்கம் மாற்றவேண்டும். பெரும்பாலானவர்கள் பிசிர் வருவதற்கு முன்னாலேயே திருப்பித் திருப்பித் தேய்த்து, அரை மணித்தியாலம் கழித்து, கல் சரியில்லை என்று சொல்வார்கள். இரண்டு பக்கமும் வந்ததும் மென்மையான பக்கத்தில் லேசாக, மாறி மாறி. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர, ஒரு பத்து இழுப்பு. பத்திரிகைத் தாளின் ஓரத்தில் வைத்தால் கிழியாமல் வெட்டவேண்டும்.

மலையில் கூர் மழுங்கினால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்கம் இல்லாத ஒரு வளையம் இருக்கும், அதில் ஏழெட்டு இழுப்பு இழுத்தால் அன்றைய சமையலுக்குப் போதும். தேநீர்க் கடையில் குடித்துவிட்டு இதைச் செய்யப்போகிறீர்கள் என்றால் கடைக்கார அண்ணையிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

பாம்பு கடித்தால், அட்டை கடித்தால்?

பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறவே கூடாது. புடையன் கடியில் இரத்தம் உறையாமல் போகும், அதில் நீங்களும் ஒரு வெட்டுப் போட்டால் நிற்காது. கடிபட்டவரை நடக்கவிடாமல், அசைக்காமல், 1990க்கு அடித்து அம்புலன்சுக்குச் சொல்லுங்கள், விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. அட்டைக்கு விரல் நகம் போதும். யானைக்குக் கத்தி என்ன செய்யும் என்று கேட்டவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பிள்ளைகள் கூட வந்தால்?

வெட்டுகிறவரைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. மடியில் வைத்துச் சீவக்கூடாது, தொடையின் உட்பக்கத்தில் பெரிய நாடி ஓடுகிறது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, கீழே வைக்கவேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மம்மா சொல்வார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் என் விளக்கத்தையெல்லாம் மறந்துவிட்டார்கள், இதை மட்டும் விடாமல் செய்கிறார்கள்.

மற்ற ஐந்து கத்திகளை என்ன செய்கிறீர்கள்?

ஒன்று தேங்காய் உடைக்கிறது, சொன்னேன். பிடி கழன்றது திசைகாட்டிக்காக இருக்கிறது. துருக் குழி விழுந்த காபன் கத்தியால் அம்மா மீன் வெட்டுகிறார், லாச்சியில் இருக்கிறதிலேயே கூர் அதற்குத்தான் என்கிறார். விரலை வெட்டிய மடக்குக் கத்தியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஐந்தாவது விலை கூடியது, அதைப் பற்றி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.